தள்ளிவைத்த வரியும் பிள்ளைகளின் கடமையும்



கடனை மன்னிப்பது ஒன்று. கடனுக்குத் தவணை கொடுப்பது வேறொன்று. முன்னது தயவு. பின்னதோ நீதியும் தயவும் சேர்ந்த காரியம். ஐக்கிய அமெரிக்காவிலுள்ள ஓரிகன் மாநிலத்தின் ஒரு சட்டம் இந்தப் பேதத்தை நன்றாய் விளக்குகிறது. இவ்வாரம் அதைச் சற்றே சிந்திப்போம்.

அந்நாட்டில் பள்ளிக்கூடங்களும் தீயணைப்புப் படைகளும் தங்கள் செலவில் பெரும் பங்கை வீட்டு வரியிலிருந்தே பெறுகின்றன. உழைக்கும் வயதில் வீடு வாங்கியவர், முதுமையில் சொற்ப ஓய்வூதியத்தை நம்பி வாழ்கிறார். வீடு உண்டு, கையில் காசு இல்லை. வரியோ வருஷந்தோறும் வந்து நிற்கிறது.

கட்டாவிட்டால் என்ன நேரிடும்? மினியாபோலிஸ் நகரத்து ஜெரால்டின் டைலர் என்னும் மூதாட்டியின் வழக்கைப் பாருங்கள். முதியோர் குடியிருப்புக்குச் சென்றபின் தம் பழைய வீட்டுக்கு அவர் கட்டாமல் விட்ட வரி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 ஆயிற்று. அதிகாரிகள் வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் வைத்துக்கொண்டார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94.

ஓரிகன் மாநிலம் வேறு வழியை 1963லேயே கண்டது. வருமானம் குறைந்த முதியவர் தம் வீட்டிலேயே வசித்தால், அவருடைய வரியை மாநில சர்க்கார் கட்டிவிடும். ஊனமுற்றோருக்கும் இவ்வுதவி பின்னர் விரிக்கப்பட்டது. இன்று 62 வயதானவர்கள் இதைக் கேட்கலாம். கட்டிய தொகை, 6 சதவீத வட்டியுடன், வீட்டின்பேரில் கடனாக நிற்கும். அவர் இறந்தாலோ, வீட்டை விற்றாலோ அதைத் தீர்க்க வேண்டும். வருஷத்துக்கு 3,000 டாலர் வரியானால், 10 வருஷத்தில் வட்டி நீங்கலாக 30,000 டாலர் சேர்ந்துவிடும்.

இங்கேதான் மனச்சாட்சியின் கேள்வி எழுகிறது. தகப்பனார் நிம்மதியாய் வாழ்ந்ததற்குப் பிள்ளைகள் கடன் தீர்ப்பதா? இது நியாயமா?

நியாயமே. ஏனெனில் வீடு முதலாவது அதில் வாழ்கிறவருக்கு உரியது. பெற்றோரின் ஆஸ்தி பிள்ளைகளுக்கு வருவது நன்கொடை. அது பிள்ளைகள் முன்கூட்டியே கொடுத்துவைத்த கடன் அன்று. வீடு குறைவின்றித் தன் கைக்கு வரவேண்டும் என்பதற்காகத் தாய் மருந்தைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கும் மகன், நாலாம் கற்பனையை எப்படி அனுசரிக்கிறான்?

மற்றொரு நியாயமும் உண்டு. இவ்வாறு திரும்பிவரும் பணத்தைக்கொண்டே இன்னொரு முதியவரின் வரி கட்டப்படுகிறது. 2008இல் வந்த பொருளாதார நெருக்கடியில் வீடுகள் விலைபோகவில்லை, பழைய கடன்கள் திரும்பவில்லை, நிதி வறண்டது. 2011இல் விதிகள் இறுக்கப்பட்டன; பலர் உதவியை இழந்தார்கள். ஆகையால் வாரிசு தீர்க்கும் கடன் சர்க்காரின் பெட்டியோடு முடிந்துபோவதில்லை. முகம் அறியாத ஒரு கிழவியின் கூரை அதனால் நிற்கிறது.

அப்படியானால் வரியை அறவே தள்ளுபடி செய்தால் என்ன? அந்தப் பாரம் அடுத்த வீட்டுக்காரன்மேல் விழும். அவனும் ஏழையாய் இருக்கலாம். வீடு என்னும் பொருள் உள்ளவர், அப்பொருளிலிருந்தே பின்னர் கொடுப்பது யாரையும் வஞ்சிப்பதாகாது. ஆனால் சர்க்காருக்கும் ஒரு கடமை உண்டு: முதியவருக்குக் கொடுத்த வாக்கை நடுவழியில் முறிக்கலாகாது. 80 வயதில் புது வழி தேடுவது எளிதன்று.

பிள்ளைகளே, இக்காரியத்தில் முதல் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். பெற்றோர் தாமாகக் கேட்க நாணுவார்கள். "வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதை வைத்து உங்கள் தேவையைப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் காதால் கேட்கும் காலத்திலேயே சொல்லுங்கள்.