பிடித்தவர் யார்?

ஒரு செயலை முடித்தவர் பலராயிருக்க, அதன் புகழ் ஒருவருக்கே போய்ச் சேருமானால் அது நியாயமாகுமா? கேள்வி பழையதுதான். எனினும், சென்ற மாதம் ஒரு மீன் அதனை நம் முன் புதிதாகக் கொண்டுவந்து போட்டது.

பிரிக்பீல்ட்சில் வாழும் நம் நண்பர் ஒருவர் சபா மாநிலக் கடலுக்குத் தூண்டில் போடச் சென்று திரும்பினார். தேநீர்க்கடையில் அமர்ந்து தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஆளுயரச் சூரை மீன் ஒன்றை அணைத்தபடி அவர் நிற்கிறார். நம் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மலாக்கா நீரிணை ஆழங்குறைந்தது. இத்தகைய பெருஞ்சூரை அங்கே கிடைப்பதரிது. ஆதலால் நாமும் வியந்தோம். "தனியாளாய் இரண்டு மணி நேரம் போராடிப் பிடித்தேன்" என்றார். படத்தின் ஓரத்தில் கொக்கித்தடியைப் பற்றிய, வெயிலில் கறுத்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

"அண்ணே, அந்தப் படகுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்டோம்.

"பெயரா? கேட்கவில்லையே, தம்பி" என்றார்.

நண்பர் பொய்யுரைத்தார் என்று நாம் கூற வரவில்லை. சாதனைகளைப் பதியும் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கமும், போராட்டத்தின்போது பிறர் கோலையோ தங்கூசியையோ தொட்டால் அம்மீன் கணக்கில் சேராதென விதி வகுத்திருக்கிறது. விளையாட்டுக்கு அவ்விதி தகும். ஆயினும், மீன் ஓடும் திசைக்கெல்லாம் படகைத் திருப்பியவர் வேறொருவர். சூரையின் உடல் சூழ்ந்துள்ள நீரினும் வெப்பமானது. நெடுநேரம் போராடினால் வெப்பம் மேலும் ஏறித் தசை வெந்ததுபோலாகும். உடனே குருதியை வடித்துப் பனிக்கட்டியில் இட்டு அதைக் காத்தவரும் அவரே.

2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில், டோக்கியோவின் டொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோயிற்று. வாங்கிய உணவக முதலாளியின் முகத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஓமா கடலில் அதைப் பிடித்த மீனவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயரறியாமையால் நேரும் தீங்கு புகழிழப்போடு நிற்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊரார் சூரையையும் சுறாவையும் நாடிப் பல நாள் ஆழ்கடலில் தங்குபவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது, திரும்பாதோர் எத்தனை பேர் என்பதில் அரசாங்கத்தின் கணக்கும் ஊராரின் கணக்கும் ஒத்துவரவில்லை. கரைசேர்ந்த மீனை ஒரு கிலோவும் தப்பாது நிறுத்து எழுதும் உலகம், அதனைக் கொண்டுவருவோரின் பெயரை எழுதி வைக்கவில்லை.

இவ்வளவும் சொல்லும் நம் யோக்கியதை என்ன? நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் நின்றபோது அக்கேள்வி நம்மையே திரும்பிக் குத்தியது. சென்ற ஆண்டு ஒரு மாதம் விளைச்சல் வழக்கத்தினும் மிகுந்தது. 'நிர்வாகத்தின் சீரிய முயற்சி' என்று அறிக்கையில் எழுதியது நம் கையே. அம்மாதம் அதிகக் குலை வெட்டியவரை நினைத்துப் பார்த்தோம். அவருடைய பதிவெண் உடனே நினைவுக்கு வந்தது. பெயருக்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. நண்பராவது ஒரு நாள் உடனிருந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. நாமோ ஆண்டுக்கணக்காக நாள்தோறும் எழுதிய பெயரை மறந்திருந்தோம்!

முதல் போட்டவரும் பொறுப்பேற்றவரும் வேண்டாவோ என்று சிலர் கேட்பர். வேண்டும். நண்பரின் தோள்வலியும் பொய்யன்று. பிறர் பெயரைச் சொல்வதால் அவர் பங்கு இம்மியும் குறையாது. 'தனியாளாய்' என்ற ஒரு சொல்லே குறையும். அச்சொல்லை விட மனம் வராமையே நம் அனைவரையும் பிடித்த நோய்.

இம்மாத அறிக்கையோடு குலை வெட்டியோர் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறோம். மேலிடத்தார் அத்தாளை எடுத்தெறியினும் எறியலாம். எழுதும்போது ஒவ்வொரு பெயரையும் நாம் கற்றுக்கொண்டோம். நண்பருக்கும் ஒன்று சொன்னோம்: "அண்ணே, அடுத்த முறை தூண்டிலை எறியுமுன் பெயரைக் கேளுங்கள்."