நகையா, அழுகையா?

பழுதுபட்ட ஒரு கலைப்படைப்பைக் கண்டு நகைப்பது அறமாகுமா என்னும் வினாவை இங்கே சிறிது ஆராய விழைகிறோம். கேட்ட அளவில் சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் நகைப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார் என்று பார்க்கப் புகுந்தால் அது வளர்ந்துகொண்டே போகிறது. ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் பேரிலக்கியம் அன்று. 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மலிவான அரக்கப் படம். இலக்கிய மலருக்கு இது தகுமோ என்று ஐயுறும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

'பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்' என்பது படத்தின் பெயர். அரக்கனின் மணமகள் என்று பொருள். இயக்கியவர் எட் உட். சதுப்பு நிலத்தருகே பாழ்மனை ஒன்றில் வோர்னாஃப் என்னும் விஞ்ஞானி மறைந்து வாழ்கிறார். அணு ஆற்றலைக் கொண்டு மனிதரை மாமனிதராக்க முயல்கிறார். சோதனைக்கு அகப்பட்டவர் ஒவ்வொருவராக மடிகின்றனர். பேச இயலாத ஒரு பேருருவன் அவருக்கு ஏவலாள். சதுப்பில் ஒரு மாபெரும் எண்காலி. துப்புத் துலக்க வரும் பெண் செய்தியாளர் சிக்கிக்கொள்ள, ஏவலாள் எதிர்த்தெழ, விஞ்ஞானி தம் பொறியாலேயே அரக்கனாகி, தம் எண்காலியிடமே அகப்பட்டு மாய்கிறார். எல்லாவற்றையும் முடித்து வைக்க ஓர் அணுகுண்டு வெடிப்பும் உண்டு. கதை அவ்வளவே.

இதைப் பார்த்தவர்கள் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் கருத்துகளைத் திரட்டினால், பெரும்பாலானவை ஒரே பொருளையே சுட்டும்: அந்த எண்காலி. அது இரப்பரால் ஆனது, தானாக அசையாது. ஆகவே அதன் பிடியில் சிக்கியவரே அதன் கைகளை எடுத்துத் தம்மேல் சுற்றிக்கொண்டு, தாமே உதறி, தாமே அலற வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் கற்சுவர் வண்ணம் பூசிய தட்டி என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அணுக்கதிர் வீசும் பொறியோ, புகைப்படத்தைப் பெரிதாக்கும் கருவி. காவல்துறைத் தலைவர் ஒரு பறவையைக் கொஞ்சிக்கொண்டே விசாரணை நடத்துகிறார். சிரிப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்?

நகை எதனால் பிறக்கிறது என்று நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. பேதைமையும் மடமையும் அவற்றுள் இரண்டு, இளமை ஒன்று, பிறரை எள்ளுதல் மற்றொன்று. இந்நான்கனுள் வறுமை இல்லை. வறுமையை ஆசிரியர் வைத்திருக்கும் இடம் அழுகை. இளிவு, இழவு, அசைவு ஆகிய மூன்றனோடு நான்காவதாக அது நிற்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த அப்பாகுபாடு இந்த இரப்பர் எண்காலிக்கு எவ்வளவு பொருந்துகிறது! எண்காலி அசையாததற்குக் காரணம் இயக்குநரின் மடமை அன்று. அதை அசைக்கும் பொறி கையில் இல்லை. படப்பிடிப்பே 1954-இல் தொடங்கிப் பணமின்றி இடையில் நின்றது. பிறகு, இறைச்சி வணிகர் ஒருவர் பணம் தந்தார். அவர் மகனே கதாநாயகனாக நடித்தார். பணம் தந்தவரின் மகன் நடிப்பது உலகெங்கும் உள்ள வழக்கந்தான். அதற்காக அமெரிக்கரை மட்டும் நகைப்பது முறையன்று.

இங்கே மறுப்பு ஒன்று எழும். வறுமை எல்லாக் குற்றத்திற்கும் மருந்தாகுமா? ஆகாது. அதே 1955-இல்தான் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' கல்கத்தாவில் வெளிவந்தது. அதுவும் பணமின்றிப் பலமுறை நின்று நின்று, ஏறத்தாழ மூன்றாண்டு இழுபட்ட படம். ராய் தம் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். அரிதின் தொகுத்த இசைத்தட்டுகளையும் விற்றார். இறுதியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. படத்தின் பெயரில் பாதை வருவதால் அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதாம்; கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மைப் போன்றோருக்கு இச்செய்தி தரும் இன்பமே தனி. அந்த வறுமையிலிருந்து ஒரு காவியம் பிறந்தது. இந்த வறுமையிலிருந்து ஓர் இரப்பர் எண்காலி பிறந்தது. எனவே குற்றங்களைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அசையாத எண்காலியும் தட்டிச் சுவரும் வறுமையின்பாற் படும். மனிதர் எவரும் பேசாத உரையாடலும், விசாரணைக்கு நடுவே பறவையைக் கொஞ்சுவதும் பேதைமையின்பாற் படும். பின்னதற்கு நகைப்பதில் குற்றமில்லை. ஆனால் பார்ப்பவர் மிகுதியாக நகைப்பது முன்னதற்கே என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இன்னும் உறுத்துவது ஒன்றுண்டு. விஞ்ஞானியாக நடித்தவர் பெலா லுகோசி. 1882-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். தாய்நாட்டு மேடையில் பெயர் பெற்றவர். நடிகர் சங்கம் அமைப்பதில் முன்னின்றதால், 1919-இல் ஆட்சி கவிழ்ந்தபோது நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. அமெரிக்கா சேர்ந்து, 1931-இல் 'டிராகுலா' படத்தால் உலகப் புகழ் எய்தினார். ஆனால் அவருடைய ஆங்கிலத்தில் ஹங்கேரிய ஒலி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சுறுத்தும் அயலான் என்னும் வேடம் அன்றி வேறு வேடம் அவரை அரிதாகவே தேடி வந்தது. நாளடைவில் அதுவும் குறைந்தது. நோவுக்கு உட்கொண்ட மருந்து பழக்கமாகி அவரை அடிமை கொண்டது. இப்படத்தில் நடிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 72. படம் வெளிவந்த ஆண்டிலேயே அப்பழக்கத்தினின்று விடுபட வேண்டித் தாமே சென்று மருத்துவமனையில் சேர்ந்தார். மறு ஆண்டு மறைந்தார். மெய்ப்பாட்டியல் கூறும் அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று உரை கூறுவர். அவ்வுரைக்கு இவரினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

படத்தின் நடுவே, விஞ்ஞானியின் தாய்நாட்டிலிருந்து ஒருவர் அவரைத் திரும்ப அழைத்துச் செல்ல வருகிறார். மனைவி மகனைப் பிரித்து, பித்தன் என்று பழித்து, நாட்டை விட்டுத் துரத்திய அதே நாடு இப்போது அழைக்கிறது. அப்போது லுகோசி பேசுகிறார்: எனக்கு வீடு என்பதே இல்லை, வேட்டையாடப்பட்டு விலங்கைப் போல் வாழ்கிறேன் என்னும் பொருள்பட நீண்டு செல்லும் பேச்சு. சொற்கள் மிகையானவைதாம்; எழுதிய கை தேர்ந்த கை அன்று. ஆனால் பேசும் முதியவருக்கு அச்சொற்கள் நடிப்பு மட்டுமாக இருந்திருக்க முடியாது. இந்தப் பேச்சுக்கும் சிரிப்பவர் உண்டு. அவருடைய உச்சரிப்பைப் போல் பேசிக்காட்டி மகிழ்பவரும் உண்டு. இதுவே எள்ளல்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாம் பேசும் இந்தியைக் கடைவீதியில் திருப்பிச் சொல்லிச் சிரிப்பவரை அறிவோம். நம் குழந்தைகள் பள்ளியிலிருந்து அச்சிரிப்பை வீட்டுக்குச் சுமந்து வருவதையும் அறிவோம். நம் வீட்டுக் கூடத்தில், வாயிற்காவலர் பேசும் பீகார்ப் பேச்சை நாமே நடித்துக்காட்டிக் குலுங்கிச் சிரிப்பதையும் உடன் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அண்மைக் காலத்தில் இப்படத்தைப் பற்றிய கருத்து கனிந்திருக்கிறது என்பர். எட் உட் 1978-இல், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாள்களில் இறந்தார். 1980-இல் வெளிவந்த ஒரு நூல், உலகின் மிக மோசமான இயக்குநர் என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டியது. 1994-இல் டிம் பர்ட்டன் அவர் வாழ்க்கையையே திரைப்படமாக்கினார். அதில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவ் ஆஸ்கர் பரிசு பெற்றார். பரிசு போலிக்கு, அசலுக்கு ஒன்றுமில்லை. அதன்பின் பலர், 'இவ்வளவு மோசமாக இருப்பதாலேயே பிடிக்கிறது' என்று பரிவோடு சொல்லத் தொடங்கினர். இப்பரிவை முற்றும் நம்ப நம்மால் இயலவில்லை. மோசமாக இருக்கும் வரையில்தான் அன்பு என்றால், அது தட்டிக்கொடுக்கும் கையே ஒழியத் தழுவும் கை அன்று.

இதனோடு சங்க மேடை நாடகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டு மீசை கழன்று விழும். அரசன் வசனத்தை மறப்பான். அரங்கமே அதிரச் சிரிக்கும். அங்கே யாருக்கும் நோவதில்லை. அந்த அரசன் நாளை நம்மோடு பேருந்துக்கு நிற்பவர். நாடகம் முடிந்ததும் நம்மோடு பந்தியில் அமர்பவர். எட் உட்டோ, லுகோசியோ நம் பந்திக்கு வரப்போவதில்லை. அவர்களால் திருப்பிச் சிரிக்கவும் இயலாது.

குணத்தையும் குற்றத்தையும் தேடி, மிக்கது எதுவோ அதைக் கொண்டு முடிவு செய்க என்பார் வள்ளுவர். அவ்வளவுகோலின்படி இப்படம் தேறாது, குற்றமே மிகுதி. ஆனால் அக்குறள் நிற்கும் அதிகாரம் தெரிந்து தெளிதல். வினைக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் இடம் அது. இப்படத்தை எந்தப் பதவியிலும் அமர்த்தும் எண்ணம் நமக்கில்லை. பணியில் அமர்த்துவதற்குக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். கலையில் பதின்மூன்று குற்றத்தின் நடுவே ஒரு குணம் மெய்யாக இருந்தால், அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடும் உரிமை நமக்கு உண்டு.

பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். எழுபது நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடும் படம் இது. எண்காலி வரும்போது குழந்தைகள் சிரிக்கட்டும். அதைத் தடுப்பது யாராலும் ஆகாது. தாய்நாட்டிலிருந்து வந்தவர் அந்தக் கூடத்தில் நுழையும்போது மட்டும் ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். முதியவர் பேசப் போகிறார்.