நோக்கமுடைய அன்பு அன்பாகுமா?

அன்பு செய்வாரின் நெஞ்சில் ஒரு நோக்கம் இருக்குமாயின், அவ்வன்பின் மாற்றுக் குறைந்துவிடுமா? கைம்மாறு கருதாக் கொடையையே உயர்கொடையாகப் போற்றிப் பழகிய நாம், 'குறையும்' என உடனே விடை கூறிவிடுவோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அமெரிக்கப் படைத்தளங்களில் வாழும் மகளிரிடையே கிறித்தவச் சிறு குழுக்கள் ஆற்றும் பணியைப் பற்றிப் படித்த பின்னரே, அவ்விடை அத்துணை எளிதன்று எனக் கண்டேன்.

படைவீரனின் மனைவி வாழும் வாழ்வு எத்தகையது? இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கணவனுக்கு மாற்றல் ஆணை வரும். நேற்றுக் கான்சாஸ், இன்று ஜெர்மனி, நாளை ஒக்கினாவா. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறும்; அவள் பார்த்து வந்த வேலை போகும்; பழகிய முகங்கள் மறையும். கணவன் போர்முனைக்குச் சென்றுவிட்டாலோ, தனிமை இருமடங்காகும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய தரைப்படையினரின் பணிக்காலம், 2007ஆம் ஆண்டில் 12 மாதங்களிலிருந்து 15 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த மூன்று மாதம் எவ்வளவு நீளம்! இறப்புச் செய்தியைப் படை அதிகாரிகள் நேரில் வந்து கூறுவதே அங்கு வழக்கம். ஆதலின் எதிர்பாராது ஒலிக்கும் வாயில் மணிகூட அவளை நடுங்கச் செய்யும்.

அந்த வாயிலில்தான் ஒருநாள் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி உணவுப் பாத்திரத்துடன் வந்து நிற்கிறாள். "வாரந்தோறும் நாங்கள் சிலர் கூடுகிறோம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு, வாருங்கள்" என்கிறாள். ஜெர்மனியிலிருந்த அமெரிக்கத் தளங்களில் 1950களில் உருவாகி வளர்ந்த புரொட்டஸ்டண்டு மகளிர் அமைப்பும், 1973இல் கொலராடோ மாநிலத்தில் இளந்தாய்மார் எண்மர் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த குழுக்களும் இவ்வாறே தளந்தோறும் பரவின. பத்துப் பெண்கள் வட்டமாக அமர்வர், தேநீர் அருந்துவர், விவிலியம் படிப்பர், ஒருவர்க்காக ஒருவர் வேண்டுவர். மகப்பேறு கண்டவள் வீட்டுக்கு முறைவைத்துச் சமைத்து அனுப்புவர்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. அந்தப் பாத்திரம் அவள் பசிக்காக வந்ததா, அவள் நம்பிக்கையை மாற்ற வந்ததா? தனிமை என்பது காவலற்ற கோட்டை. அதனுள் நுழைவது யார்க்கும் எளிது. துயருற்றவளிடம் சமயம் பேசுவது, பசித்தவனிடம் பேரம் பேசுவது போன்றதன்றோ?

படைக்குடியிருப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. மனைவியர்க்குப் பதவி கிடையாது. ஆயினும் கணவன்மாரின் பதவி நிழல்போல் அவர்களைத் தொடர்கிறது. கட்டளைத் தலைவரின் மனைவி அன்பொழுக அழைக்கும்போது, அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் இளவீரனின் மனைவி 'வரவில்லை' எனக் கூறுவது எளிதா? என் கருத்தில், மதப்பேச்சைவிட இதுவே பெரிய இடர்.

அரசு எச்சமயத்தையும் நிறுவலாகாது என்பது அமெரிக்க அரசியலமைப்பில் 1791இலேயே சேர்க்கப்பட்ட விதி. அவ்வாறிருக்க, படையில் சமய குருமாரை அரசே ஊதியம் தந்து வைத்திருக்கலாமா என ஆர்வர்டு சட்ட மாணவர் இருவர் 1979இல் வழக்குத் தொடுத்தனர். 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குருமார் பணியை ஏற்றுக்கொண்டது. மக்களைத் தம் ஊரிலிருந்தும் ஆலயத்திலிருந்தும் பெயர்த்துச் செல்வது படையே. ஆதலின் அவர்கள் வழிபாட்டுக்கு வழிசெய்வதும் அதன் கடன் என்பது அதன் கருத்து. சட்டத்துக்கு அது போதும். நெஞ்சத்துக்குப் போதுமா? தனிமையை உண்டாக்கியது படை. அதை ஆற்ற வருவது ஒரு சமயத்தின் கை. பிற சமயத்தாளுக்கும் சமயமே வேண்டாதவளுக்கும் அதே கை நீளுமா?

எனினும் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் வாழ்வைத் தாங்கிய ஒன்றைப் பெருஞ்செல்வமாகக் கருதுபவள், அதனைப் பிறர்க்குக் கூறாது மறைத்தால் அது கருமித்தனம் ஆகாதா? தமிழாசிரியராகிய நாம் மாணவனுக்குப் பரிவு காட்டும்போது, அவன் தமிழை நேசிக்க வேண்டும் என்னும் விருப்பம் நம்முள் இல்லையா? அவ்விருப்பத்தால் நம் பரிவு பொய்யாகிவிடுமா? நோக்கம் இருப்பது குற்றமன்று. அதனை மறைத்து அழைப்பதே குற்றம். விவிலியம் படிக்கும் கூட்டத்தை வெறும் தேநீர் விருந்து எனச் சொல்லி அழைப்பது அன்பன்று, வலைவீச்சு.

ஆகவே அவ்வன்பின் உரைகல்லை நான் வேறோரிடத்தில் தேடுகிறேன். மூன்று வாரம் வந்த பெண் ஒருத்தி, "உங்கள் நட்பு எனக்கு வேண்டும், உங்கள் நம்பிக்கையை ஏற்க என்னால் இயலவில்லை" என்று கூறிவிடுகிறாள் எனக் கொள்வோம். அடுத்த மாதம் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். கணவன் கடலுக்கு அப்பால். அன்று அந்த உணவுப் பாத்திரம் வருமா? முன்னைப் போலவே நிறைந்து வருமா?

அழைத்தவளின் கணவனுக்கும் ஒருநாள் மாற்றல் ஆணை வரும். அறியாத ஊரில், பிரிக்கப்படாத பெட்டிகளுக்கு நடுவில், அவளும் ஒரு வாயில் மணிக்காகக் காத்திருப்பாள்.