தள்ளிவிட்ட கையும் ஏந்திய கையும்

இல்லறத்தில் இருப்பவர்கள் ஆன்மிகப் பெரியோர்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "அலுவலகத்தில் ஓய்வில்லாத பணி. வீட்டிலோ சிறு குழந்தைகள். இவ்விரண்டுக்கும் நடுவில் இறைவனை நினைக்க நேரம் எங்கே இருக்கிறது?" என்பதே அது. இந்த வினாவுக்கு விடையாகப் பொதுவாகச் சொல்லப்படுபவை அனைவருக்கும் தெரிந்தவையே: அதிகாலையில் எழுங்கள், பத்து நிமிடமாவது ஜபம் செய்யுங்கள், செய்யும் தொழிலையே வழிபாடாக எண்ணுங்கள். இவை நல்ல அறிவுரைகள்தாம். ஆனால் சில வேளைகளில் வினவுபவரின் உள்ளத்தில் இருக்கும் வேதனை வேறாக இருக்கிறது.

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு மாலை சத்சங்கம் நிறைவுற்ற பின் ஓர் இளம் தாய் தயங்கியபடி அருகில் வந்து நின்றார். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். கணவருக்கும் அதே துறையில்தான் பணி. நான்கு வயதில் ஒரு மகளும், இன்னும் பால்குடி மறவாத ஒரு மகனும் உள்ளனர்.

"சுவாமிஜி, ஜபத்தை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை. நேற்றிரவு வெளிநாட்டினருடன் அலுவலகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகள் தான் வரைந்த படத்தைக் காட்டுவதற்காக வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளைப் புறங்கையால் தள்ளிவிட்டேன். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தால் தரையிலேயே உறங்கிப் போயிருந்தாள். படம் அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது. அதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை" என்றார்.

"அம்மா, நீங்கள் வாழும் இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் வியப்புடன் நிமிர்ந்து பார்த்தார். அன்று அவரிடம் சொன்னவற்றை, அதே நிலையில் உள்ள மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே விரித்துக் கூறுகிறேன்.

ஓடி மறைந்த குழந்தை

அனந்தபத்மநாப சுவாமி திருக்கோயிலின் தலபுராணம் பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு மரபு திவாகர முனிவரைப் பற்றியது. அவர் இறைவனின் காட்சியை வேண்டிக் கடுந்தவம் புரிந்தார். ஒருநாள் ஏறக்குறைய இரண்டு வயதுள்ள அழகிய குழந்தை ஒன்று அவர்முன் வந்தது. அதன் அழகில் உள்ளம் பறிகொடுத்த முனிவர், தம்முடனேயே தங்கும்படி வேண்டினார். "என்னை அன்புடன் நடத்தும் வரையில் தங்குவேன்" என்று குழந்தை ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. முனிவரும் அதன் குறும்புகளை எல்லாம் பொறுத்துக்கொண்டு பேணி வந்தார். ஒருநாள் அவர் பூஜையில் ஆழ்ந்திருந்தபோது, குழந்தை சாளக்கிராமத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓயாமல் தொல்லை செய்தது. முனிவர் பொறுமை இழந்தார். வில்வமங்கலம் சுவாமியாரைப் பற்றிய மற்றொரு மரபோ, பூஜைக்கு இடையூறு செய்த குழந்தையை அவர் புறங்கையால் தள்ளினார் என்று கூறுகிறது.

அக்கணமே குழந்தை மறைந்தது. "என்னைக் காண வேண்டுமானால் அனந்தன் காட்டுக்கு வா" என்ற குரல் மட்டும் கேட்டது.

யாரைக் காண்பதற்காக அந்தப் பூஜையைச் செய்தாரோ, அவரையே பூஜைக்கு இடையூறு என்று எண்ணித் தள்ளிவிட்டார் முனிவர். மாநகரம் ஒன்று தன் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் கதை, வேலையில் மூழ்கியிருந்த ஒருவர் குழந்தையைத் தள்ளிவிட்ட கதையாக இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் முனிவர் என்ன செய்தார்? 'நான் பாவி, நான் தகுதியற்றவன்' என்று புலம்பிக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. பூஜையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தேடி ஓடினார். அனந்தன் காட்டை அடைந்தபோது அக்குழந்தை ஒரு பெருமரத்தினுள் மறைவதைக் கண்டார். மரம் சாய்ந்தது. அங்கே பகவான் அனந்தசயனத்தில் காட்சி தந்தார். முனிவர் உடனே படைக்கக் கிடைத்தது ஒரு மாங்காய் மட்டுமே. அதைச் சிரட்டையில் வைத்து அர்ப்பித்தார். இறைவன் அதை ஏற்றருளினார்.

தள்ளிவிட்டதால் இறைவன் அவரைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மறையும்போதே தம்மை எங்கே காணலாம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மறைந்தார். குழந்தைகளும் அத்தகையவர்களே. மாலையில் தள்ளிவிடப்பட்ட குழந்தை மறுநாள் காலையில் அதே தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. குற்ற உணர்விலேயே உழன்றுகொண்டிருப்பது பக்தி ஆகாது. அதுவும் ஒருவகையில் நம்மைப் பற்றிய சிந்தனையே. தவறு செய்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுந்து குழந்தையிடம் செல்வது. கசங்கிய படத்தை விரித்து வைத்து, "இதில் என்ன வரைந்தாய்? எனக்குச் சொல்வாயா?" என்று கேட்பது. அதுவே அந்த மாங்காய்.

வேலை நடுவே ஏந்திய தாய்

இதே தலத்துக்கு மற்றொரு வரலாறும் வழங்குகிறது. அனந்தன் காட்டை ஒட்டிய நிலத்தில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். அக்காலச் சமூகம் தாழ்த்தி வைத்திருந்த புலய சமூகத்தைச் சேர்ந்தவள். காட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. அவள் வேலையை நிறுத்தினாள், தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டாள், குழந்தையை ஏந்திப் பாலூட்டினாள், மர நிழலில் படுக்க வைத்தாள், பிறகு அங்கிருந்து சென்றாள். அவள் சென்றதும் ஐந்தலை நாகம் ஒன்று வந்து குழந்தையின்மீது வெயில் படாதவாறு படம் விரித்துக் காத்தது. அவளும் அவளுடைய கணவனும் அவ்விடத்தில் நாள்தோறும் சிரட்டையில் பாலும் கஞ்சியும் படைத்து வந்தனர். செய்தி அரசனின் செவிக்கு எட்டிய பின்னரே கோயில் எழுந்தது என்பது மரபு.

இறைவனுக்கு முதலில் அமுதூட்டியவள் என்று போற்றப்படும் அந்தத் தாயின் மரபில் வந்தவர்கள் அக்கோயிலுக்குள் அடியெடுத்து வைக்க, 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெடுங்காலமாக ஒரு சமூகமே தன் புறங்கையால் தள்ளிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாய்க்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்திருக்குமா? அவள் நாள் முழுவதும் குழந்தையுடன் இருக்கவில்லை; இருக்கவும் முடியாது. ஆனால் இருந்த அந்தச் சில நிமிடங்களில் அவளுடைய கைகளில் வேறு எதுவும் இல்லை. முனிவரிடம் நேரம் இருந்தது, அந்தக் கணத்தில் மனம் இல்லை. இவளிடம் நேரம் இல்லை, மனம் முழுவதும் இருந்தது. வீடு திரும்பிய பின் அரை மணி நேரமாவது கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, குழந்தையோடு தரையில் அமருங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் பூஜை நேரம் என்று கொள்ளுங்கள்.

அவள் குழந்தையை விட்டுச் சென்ற பின் காத்தது யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாம் இல்லாத நேரத்தில் நம் குழந்தைகளைக் காக்கும் பாட்டி, தாத்தா, காப்பகத்துப் பணிப்பெண் ஆகியோர் அனைவரும் அனந்தனின் படங்களே. அவர்களை 'ஆள் கிடைத்தது' என்று எண்ணாமல், நன்றியுடனும் மரியாதையுடனும் நடத்துவது இல்லறத்தாரின் கடமை.

மூன்று வாயில்கள்

அனந்தன் காட்டில் காட்சி தந்த பகவானின் திருமேனி மிக நீண்டிருந்ததாகவும், முழுவதையும் காண இயலாமல் முனிவர் வேண்டிக்கொண்டதால், அவருடைய தண்டத்தின் மூன்று மடங்கு அளவுக்குச் சுருங்கியதாகவும் புராணம் கூறுகிறது. இன்றும் ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்று வணங்குவோர், மூன்று வாயில்களின் வழியாகவே பெருமாளைத் தரிசிக்கின்றனர். ஒரு வாயிலில் திருமுகமும் சிவலிங்கத்தின்மீது நீண்ட திருக்கரமும், நடுவாயிலில் பிரம்மன் வீற்றிருக்கும் நாபிக்கமலம், மற்றொன்றில் திருவடிகள். ஒரே வாயிலில் நின்று முழுவதையும் கண்டவர் எவரும் இல்லை. அதனால் எவரும் குறைப்பட்டுத் திரும்புவதும் இல்லை.

வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் குழந்தைகளைக் காண்பதும் இப்படித்தான். காலையில் அவசரமாகத் தலை வாரிவிடும்போது ஒரு வாயில். மாலையில் உணவூட்டும்போது ஒரு வாயில். இரவில் உறங்கும் முகத்தைப் பார்த்து நிற்கும்போது ஒரு வாயில். 'முழு நாளும் உடனிருக்க முடியவில்லையே' என்று வருந்துவதைவிட, ஒவ்வொரு வாயிலிலும் கண் திறந்து நிற்பது நல்லது. சந்நிதியில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு மூன்று வாயில்களும் திறந்திருந்தும் தரிசனம் கிட்டாது.

வேலை யாருடையது?

"அப்படியானால் வேலையை விட்டுவிடுவதுதான் வழியா, சுவாமிஜி?" என்று அந்தத் தாய் கேட்டார். அது அவரவர் குடும்பம் கூடி முடிவு செய்ய வேண்டியது. வேலையும் இழிவானதன்று, குழந்தையின் பாலும் கல்வியும் அதிலிருந்துதான் வருகின்றன.

இந்நகரத்தின் வரலாற்றிலேயே இதற்கும் ஒரு வழிகாட்டுதல் உள்ளது. மார்த்தாண்ட வர்மா போர்கள் பல புரிந்து விரிவாக்கிய திருவிதாங்கூர் அரசை 1750ஆம் ஆண்டில் ஸ்ரீ பத்மநாபரின் திருவடியில் சமர்ப்பித்தார். அதன் பின்னர் அவரும் அவர் வழிவந்தோரும் 'பத்மநாபதாசர்' என்ற பெயரில் ஆட்சி புரிந்தனர். சமர்ப்பணத்துக்குப் பிறகு அவருடைய பணிச்சுமை குறைந்துவிடவில்லை. 'என்னுடையது' என்ற உரிமை மட்டுமே மாறியது. நம் களைப்பில் ஒரு பங்கு வேலையால் வருவது. மற்றொரு பங்கு 'என் பதவி உயர்வு, என் பெயர், என்னைப் பற்றி மேலதிகாரி என்ன நினைப்பார்' என்னும் எண்ணங்களால் வருவது. இரண்டாவதை இறைவனின் திருவடியில் வைத்துவிட்டால், அலுவலகத்திலிருந்து வீட்டுக்குச் சுமந்து வரும் பாரம் குறையும். இரவு நேரப் பேச்சு ஒன்றை வேறு நேரத்துக்கு மாற்றித் தரும்படி மேலதிகாரியிடம் கேட்கும் துணிவும் அப்போது வரும்.

அவருடைய கணவரும் அருகில் நின்றிருந்தார். அவரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "ஐயா, நேற்றிரவு குழந்தை படத்தோடு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்றேன். "பக்கத்து அறையில், இன்னொரு அலுவலகப் பேச்சில்" என்று தலைகுனிந்தார். தலபுராணத்தில் குழந்தையை வளர்க்க வேண்டியவரும், தள்ளியவரும், தேடி ஓடியவரும் ஓர் ஆண்மகனே. 'அன்புடன் நடத்து' என்ற நிபந்தனையை இறைவன் அவரிடம்தான் விதித்தார். குழந்தை வளர்ப்பு தாயின் தனிச்சுமை என்று எந்தச் சாத்திரமும் நம்மை விலக்கி வைக்கவில்லை. எந்த இரவு யார் குழந்தைகளுடன் இருப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டால், தள்ளிவிட வேண்டிய நிலையே பெரும்பாலும் எழாது.

காத்திராத காலம்

ராணி கௌரி லட்சுமி பாய் 1810ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபது. சிறு குழந்தைகளின் தாயாக இருந்துகொண்டே ஒரு நாட்டை ஆண்டவர் அவர். 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அவருக்கு மகன் பிறந்தார். அவரே பிற்காலத்தில் இசையால் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா. அக்குழந்தையை உறங்க வைப்பதற்காக அரசவைக் கவிஞர் இரயிம்மன் தம்பி இயற்றியதே 'ஓமனத் திங்கள் கிடாவோ' என்னும் தாலாட்டு. இன்றும் கேரளத்தின் வீடுகளில் குழந்தைகள் அதைக் கேட்டு உறங்குகின்றன.

1815ஆம் ஆண்டில் ராணி மறைந்தார். மகனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினார். அந்தத் தாய்க்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். அவருடைய ஆணைகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். தாலாட்டை எல்லாரும் அறிவார்கள்.

குழந்தைப் பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. படத்தைக் காட்ட ஓடிவரும் வயது சில ஆண்டுகளே நீடிக்கும். அதன்பின் நாம் அழைத்தாலும் அவர்களுக்கு நேரம் இருக்காது.

அந்தத் தாய் விடைபெறும்போது, "வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைத் தேட வேண்டும், சுவாமிஜி" என்றார். அன்றைய சத்சங்கத்தின் பயன் அதுவே.

அன்பர்களே, இன்றிரவு உங்கள் ஆடையைப் பற்றி இழுக்கும் சிறு கை, உங்கள் வழிபாட்டுக்கு இடையூறாக வருவதன்று. அதைத் தேடி வருவது. கணநேரம் திரும்பி அந்த முகத்தைப் பாருங்கள். பார்க்கத் தவறிவிட்டால், தேடி ஓடுங்கள். அனந்தன் காடு தொலைவில் இல்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறது. உழைக்கும் கைகளுக்கு வலிமையையும், குழந்தையை ஏந்தும் கைகளுக்கு மென்மையையும் ஸ்ரீ அனந்தபத்மநாபர் அருள்வாராக.