கடன் முந்தியது, பங்கு பிந்தியது

ஒருவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்ததும் அவருடைய பொருள் உடனே வாரிசுகளின் கைக்குப் போய்விடுவதில்லை. ஜனாஸாச் செலவு போக, முதலில் அவர் பட்ட கடன் தீரவேண்டும். அடுத்து வஸிய்யத்து நிறைவேறவேண்டும். அதன் பின்னரே பாகப்பிரிவினை. நம் இல்லங்களில் யாவரும் அறிந்த இந்நெறி, தனி மனிதருக்கு மட்டுந்தானா? பெருந்தொழில்களுக்குப் பொருந்தாதா?

வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள அலாஸ்காவில், ப்ரூடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டெஸ் துறைமுகம் வரை 800 மைல் நீள எண்ணெய்க் குழாய் ஒன்று செல்கிறது. 1977 ஜூனில் அதில் எண்ணெய் ஓடத் தொடங்கிற்று. வழியிற் பெரும்பகுதி ஆண்டு முழுதும் அடிமண் உறைந்து கிடக்கும் நிலம். சூடான எண்ணெய்க் குழாயை அங்கே புதைத்தால் உறைமண் இளகும். குழாய் அமிழ்ந்து முறியும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட தொலைவில் அதனைத் தூண்களின்மீது ஏற்றிவைத்தனர். 1988-இல் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய் ஓடியது. இன்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிட்டது. ஊற்று ஒருநாள் ஓயத்தான் செய்யும். அன்று இக்குழாயை என்செய்வது?

இதனை எவரும் எண்ணாமலில்லை. பயன் முடிந்ததும் குழாயை அகற்றி நிலத்தைச் சீராக்கவேண்டும் என்பது, 1974-இல் வழியுரிமை பெற்றபோதே ஏற்ற பொறுப்பு. அச்செலவுக்கான தொகையும் எண்ணெய் கொண்டுசெல்லும் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கப்பட்டது. ஆனால் அதைத் தனி நிதியாக ஒதுக்கிவைக்கும் கட்டாயம் இல்லாமற் போயிற்று. பங்குகளும் கைமாறுகின்றன; 2020-இல் பி.பி. நிறுவனம் தன் பங்கை விற்று வெளியேறியது. பங்கோடு பொறுப்பைக் கைமாற்ற ஏட்டில் எழுதிவிடலாம். அப்பொறுப்புக்குரிய பொருள் எங்கே என்பதே கேள்வி.

“வேண்டும்போது தருவோம், இப்போதே பணத்தை முடக்குவானேன்?” என்பர் சிலர். அமானிதப் பொருளைப் பிரித்தறிய இயலாதவாறு தம் பொருளோடு கலந்துவிட்டவர், அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார் என்பது ஃபிக்ஹு நெறி. அக்கடனைத் தீர்க்க வழி வகுக்காமல் இலாபத்தைப் பங்கிடுவது, கடன் அடையுமுன் சொத்தைப் பாகம் பிரிப்பதையே ஒக்கும்.

அகற்றுவதும் எளிதன்று. கோடையில் அம்மண்ணில் வண்டி ஏறிய தடம் பல்லாண்டு மறையாது. நிலம் இறுகிய குளிர்காலத்திலேயே வேலை செய்யவேண்டும். சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆற்றைத் தோண்டிக் கலக்குவதைவிட, குழாயைத் துப்புரவாக்கி அடைத்து மண்ணுக்குள்ளேயே விடுவது சில இடங்களில் நலமாகலாம். ஒரு தீங்கைப் போக்க அதனினும் பெருந்தீங்கைச் செய்யலாகாது அல்லவா? எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்பதை ஒவ்வோர் ஆற்றிலும் ஆராய்ந்தே முடிவுசெய்யவேண்டும். அதற்கு ஆண்டுகள் பல வேண்டும், குழாயின் போக்கறிந்த பணியாளர் வேண்டும், பொருளும் வேண்டும். இம்மூன்றும் எண்ணெய் ஓடும் நாளில்தான் கைவசம் இருக்கும். நின்றபின் திட்டமிடுவோம் என்பது, செலவைச் செலுத்தாமல் நழுவுவதற்கே வழியாகும்.

ஆற்றுக்கும் மீனுக்கும் வழக்காட நாவில்லை. பிறக்கவிருக்கும் தலைமுறையோ இன்னும் வந்து சேரவில்லை. கடன் கொடுத்தவர் வாய் திறவாததால் கடன் தீர்ந்துவிடுமா? கேட்பாரில்லாத கடனுக்கும் கணக்குக் கேட்போன் ஒருவன் இருக்கின்றான்.