ஏடு அழிவது எவர் சித்தம்?

புனிதமானது என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட நூல் அழியும்போது, அவ்வழிவை இறைவனின் திருவுள்ளம் என்று கொள்வதா, காக்கும் கடமை பெற்றிருந்தோரின் தவறு என்று கொள்வதா என்னும் கேள்வி சைவ மரபில் மிகப் பழமையானது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம் இக்கேள்வியின் இரு பக்கங்களையும் ஒரே கதைக்குள் வைத்திருக்கிறது. தில்லைக் கோயிலில் தேவாரச் சுவடிகள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்க வேண்டுமானால் அவற்றைப் பாடிய மூவரே நேரில் வர வேண்டும் என்று தில்லைவாழந்தணர் கூற, அரசன் அம்மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே சுவடிகளைப் புற்று மூடியிருந்தது, பெரும்பகுதியைச் செல், அதாவது கறையான், தின்று தீர்த்திருந்தது. சம்பந்தர் பாடிய 16,000 பதிகங்களுள் 384 மட்டுமே எஞ்சின என்பது புராணக் கணக்கு. மனம் உடைந்து நின்ற அரசனுக்கு, இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் வைக்கப்பட்டன என்று வானிலிருந்து ஆறுதல் வந்தது.

அந்த ஆறுதல் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பொதுவாக எவரும் கவனிப்பதில்லை. கதவைத் திறக்கப் போராடியவனுக்கே அது சொல்லப்பட்டது. பூட்டை வைத்திருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நேர்ந்துவிட்ட இழப்பைத் தாங்கிக்கொள்ள அருள் துணை நிற்கலாம். இனி நேரப்போகும் இழப்புக்கு அதையே அனுமதிச் சீட்டாக்கிக்கொள்வது அருளை இழிவுபடுத்துவதாகும். ஆயினும் பிற்காலத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த வரகுணபாண்டியரின் பழைய ஏடுகள், ஆகமத்தில் விதித்த முறை என்று சொல்லப்பட்டு, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்ற செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் ஆறாத துயரத்தோடு பதிவு செய்துள்ளார். ஏட்டை எரித்தவர்கள் நாத்திகர் அல்லர். தாம் வழிபாடு செய்வதாகவே நம்பினார்கள்.

பனையோலை இயல்பிலேயே நிலையற்ற பொருள். கோவை இலைச் சாற்றில் குழைத்த விளக்குக் கரியைப் பூசி எழுத்தைத் தெளிவாக்கி, புல்தைலம் தடவி, மரச்சட்டங்களுக்கிடையே கயிற்றால் கட்டி வைத்தாலும், நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் அது தாங்குவது அரிது. ஆகவே ஏட்டைக் காப்பது என்பது தலைமுறைதோறும் அதைப் படித்துப் படியெடுப்பதையே குறித்தது. சரசுவதி பூசையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் தெளித்துவிட்டு ஆண்டு முழுவதும் பிரிக்காமல் விட்ட ஏடு, எவ்வளவு பக்தியோடு விடப்பட்டாலும், அழிவை நோக்கியே சென்றது.

அரசு நூலகம் இந்த இடத்தில்தான் சமயக் கேள்விக்குள் நுழைகிறது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி, காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளையும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளான கைபீதுகளையும், 1821இல் அவர் இறந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அவற்றில் தென்னிந்திய மொழிகளுக்கு உரிய பகுதி 1828இல் சென்னைக்கு வந்து, பின்னாளில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடிப்படையாயிற்று. திரட்டிய அரசின் நோக்கத்தில் ஆட்சி வசதி கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அலமாரிகளில் சைவத் தலபுராணமும் சமண நூலும் அரபு, பாரசீகச் சுவடிகளும் ஒரே வகையான பட்டியல் எண்ணைப் பெற்றன. எதையும் நம்பாமலே எல்லாவற்றையும் காக்கும் இந்த நிலையைப் பற்றின்மை என்று பழிப்பது எளிது. பிறர் சமயத்தின் ஏட்டையும் தன் ஏட்டைப்போல் தூசி தட்டி வைக்கும் செயலை அறம் என்று சொல்லாவிட்டால், அச்சொல்லுக்கு வேறு எங்கும் இடம் இருக்க முடியாது.

நம்பிக்கை சாராத முயற்சியும் சமயத்துக்குத் துணையாகும் என்பதற்குத் திருவிடைவாய்ப் பதிகம் சான்று. எந்த ஏட்டிலும் இல்லாத இந்தச் சம்பந்தர் பாடல், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கண்டறியப்பட்டது. கல்லின் மீது ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படி வழியாக, கல்வெட்டாய்வாளர்கள் எஞ்சியிருந்த பதிகங்களோடு ஒன்றைக் கூட்டினார்கள். வேண்டியவை மட்டுமே எஞ்சின என்ற புராண வாக்கு இதனால் பொய்த்துவிட்டதாகப் பக்தர் கருத வேண்டியதில்லை. இதுவும் அருளே என்று அவர் சொல்லலாம். அப்படியானால் அருள் இம்முறை அளவுகோலும் மைப்பந்தும் ஏந்தியவர்களின் கை வழியாக வந்தது என்பதையும் அவர் ஏற்க வேண்டும்.

ஆவணக் காப்பகத்தின் சுமை இன்னும் கடினமானது. எழும்பூரில் 1909இல் அமைந்த சென்னை ஆவணக் களரி, இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1670 முதலான பதிவுகளை வைத்திருக்கிறது. எனினும் அரசு எழுதும் ஒவ்வொரு தாளையும் வைத்திருக்க இயலாது. முடிந்த கோப்புக்கு அலுவலகத்தில் ஒரு குறி இடப்படுகிறது: நி.மு. என்றால் நிரந்தரம், ப.மு. என்றால் 10 ஆண்டு, மூ.மு. என்றால் 3 ஆண்டு, ஓ.மு. என்றால் ஓராண்டு. தில்லையில் வானத்துக் குரல் ஏற்றுக்கொண்ட தெரிவின் பொறுப்பை இங்கே ஒரு பிரிவு எழுத்தர் ஏற்கிறார், அதுவும் நூறாண்டுக்குப் பின் எவருக்கு எது தேவைப்படும் என்பதை அறியாமல்.

தேர்ந்து வைத்தவையும் படிக்கப்படாவிட்டால் பயனில்லை. தஞ்சை சரசுவதி மகாலில் மராட்டிய அரசின் கோயில் கொடைகள், சத்திரங்கள், அரண்மனைச் செலவுகள் ஆகியவற்றைக் கூறும் தாள்கள், மராத்தியை விரைந்து எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக உள்ளன. அந்த எழுத்தைச் சரளமாகப் படிப்போர் இன்று மிகச் சிலரே. கட்டடத்துக்கும் குளிரூட்டிக்கும் மின்படிமத்துக்கும் செலவிடும் அரசு, மோடி கற்ற இளைஞர்களுக்கு நிரந்தர வேலையும் தந்தாக வேண்டும்.