ஸ்விட்ச் எங்கே?

ஜெயமங்கலம் பக்கம் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் என்ன செய்வார்கள்? கழற்றி, பெரியகுளத்தில் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றித் தருவார். மோட்டார் செய்த கம்பெனியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கியாச்சு, நம்முடையது.

அதே வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்புக்கு இந்த நியாயம் செல்லுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. தூக்கிப்போட மனசில்லாமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பார்க்கிறீர்கள். திரை வருகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. 'லினக்ஸ் சரியில்லைப்பா' என்று தீர்ப்பு சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். குற்றவாளி வேறு ஆளாக இருக்கலாம்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பாஷை உண்டு. அதைப் பேசத் தெரிந்த துபாஷிதான் 'டிரைவர்' என்கிற சின்ன மென்பொருள். 2000-களில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்புகள் ஏராளமான லேப்டாப்புகளில் இருந்தன. வீட்டு லினக்ஸுக்கு அவர்கள் முதலில் டிரைவர் தரவில்லை, பாஷையையும் சொல்லவில்லை. ஆர்வலர்கள் சிலர் வேறு சாதனங்களுக்கு இருந்த டிரைவரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு கண்டதைக் குறிப்பாக எழுதியது. காப்பியடித்த பழி வராமலிருக்க, இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக டிரைவர் எழுதியது. 2006-ல் அது லினக்ஸில் சேர்ந்தது. 2010-ல் பிராட்காமே தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. முடியாத காரியமாக இருந்திருந்தால் எப்படி முடிந்தது?

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. நிறைய செலவழித்து உருவாக்கியதைப் போட்டிக்காரன் பார்த்துவிடுவான். ரேடியோ அலைகளுக்குச் சட்ட வரம்புகள் இருக்கின்றன, யாராவது அதை மீறினால் யார் பொறுப்பு? நியாயமான கவலைகள்தான். ஆனால், மோட்டாரை எப்படிச் செய்தாய் என்று நாம் கேட்கவில்லை. ஸ்விட்ச் எங்கே என்றுதான் கேட்கிறோம். அதையும் மறைப்பவர் பொருளை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார். விலையை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டு!

அடுத்த முறை தேனியில் லேப்டாப்போ பிரின்டரோ வாங்கும்போது, 'லினக்ஸில் ஓடுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனியைக் கேட்பார்.